ஓடத்துறை இருக்கை

முன்னொரு காலத்தில் கிளியாற்றங்கரையில் மகுடவர்மன் என்றொரு மன்னன் ஆண்டுகொண்டிருந்தான். காலையில் சிரித்துப் பேசுவான். அந்தச் சிரிப்பை நம்பி மதியம் வாய் திறந்தவன் மாலையில் நாட்டில் இருக்கமாட்டான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் சபையில் மூச்சே விடுவார்கள்.

ஒருநாள் அக்கரைக்குப் போக ஓடத்துறைக்கு வந்தான். ஓடம் வரத் தாமதமானதால், சனங்கள் காத்திருக்கும் இரண்டு மர இருக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்தான். பலகை முறிந்தது. மன்னன் மல்லாந்து விழ, கிரீடம் உருண்டுபோய் ஒரு தயிர்க்காரியின் காலடியில் நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அன்றே சபை கூடியது. துறைகளைப் பராமரிக்க வேண்டியவர் கட்டட அதிகாரி வல்லபராயர். அமைச்சர் பூதலிங்கத்தின் மேல் அவருக்குப் பழைய பொறாமை. முந்திக்கொண்டு எழுந்தார்.

"அரசே, புது இருக்கை போட வேண்டுமென்று நான் கேட்டேன். பழையதே போதும் என்று அமைச்சர்தான் தடுத்துவிட்டார்."

அது பச்சைப் பொய். பூதலிங்கம் பதில் சொல்வதற்குள் மன்னன் கையை உயர்த்திவிட்டான்.

"அமைச்சரே, அந்தத் துறைக்கு நீரே இருக்கை போடும். மழைக்காலம் முடிந்ததும் வந்து பார்ப்பேன். இருக்கை உடைந்து சனங்கள் நிற்கக் கண்டால், நீர் குடும்பத்தோடு மலையைத் தாண்டிப் போய்விட வேண்டும்."

வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மனைவி வடிவாம்பாள் விஷயத்தைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சைக் குழந்தையோடு இவளைக் கூட்டிக்கொண்டு எந்த மலையை ஏறுவதுங்க?"

அமைச்சருக்குச் சோறு இறங்கவில்லை. துறைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. உப்பு மூட்டையை மிச்சமிருந்த இருக்கையின் மேல்தான் தொப்பென்று போடுகிறார்கள். ஓடக்காரனைக் கூப்பிட அதன் மேலேயே ஏறி நிற்கிறார்கள். முதுகுச் சாய்வில் கயிற்றைக் கட்டி மாட்டை நிறுத்துகிறார்கள். எந்த மரம் இதைத் தாங்கும்? முழுக்கல்லில் செய்தாலோ, வெயிலில் ஒருவரும் உட்காரமுடியாது. ஓரிடத்தில் விரிசல் கண்டால் மொத்தமும் போச்சு.

மன்னனைக் கவிழ்த்த பழைய இருக்கை புதரில் கிடந்தது. புரட்டிப் பார்த்தார். கால்கள் உறுதியாகவே இருந்தன. முறிந்தது ஒரு பலகை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து அறைந்திருந்ததால் முழு இருக்கையும் குப்பைக்கு வந்துவிட்டது.

'வண்டிச் சக்கரத்தில் ஓர் ஆரக்கால் முறிந்தால் வண்டியையா எரிக்கிறோம்?' என்று நினைத்தார்.

மறுநாளே பக்கம்பக்கமாக இரண்டு இருக்கைகளுக்கு வேலை தொடங்கியது. கால்கள் கருங்கல்லில் எழுந்தன. அவற்றில் பள்ளம் வெட்டி, உட்காரும் பலகையையும் சாய்வுப் பலகையையும் செருகினார்கள். பக்கத்தில் ஒரு மர ஆப்பு இறுக்கிப் பிடித்தது. ஆப்பைத் தட்டினால் பலகை கையோடு வந்துவிடும். எல்லாப் பலகையும் ஒரே அளவு. மாற்றுப் பலகைகளைத் துறைக் கொட்டகையில் அடுக்கிவைத்து, அங்கே வந்துபோகிறவர்களுக்கு மாற்றும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார்.

ஆனாலும் அவருக்கு நிம்மதி இல்லை. மன்னன் வரும் நாளில் விடியும் முன்பே வந்து ஒவ்வொரு பலகையின் அடியிலும் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றில் விரல் நின்றது. அடியில் பாதி ஆழத்துக்கு ரம்பத்தால் அறுத்திருந்தது. கீழே ஈரமண்ணில் புது மரத்தூள்.

மாற்றிவிடலாம் என்று ஆப்பில் கைவைத்தார். மாற்றிவிட்டால் அறுத்தவன் தப்பிவிடுவான், நாளை இன்னொன்றை அறுப்பான். கையை எடுத்துவிட்டார்.

மன்னன் வந்தான். கூடவே வல்லபராயர்.

"அரசே, தாங்கள் உட்காருமுன் கட்டட அதிகாரி சோதித்துப் பார்ப்பதுதானே முறை?" என்றார் பூதலிங்கம், அறுத்த பலகையைக் காட்டி.

வல்லபராயர் பின்வாங்கினார். "எனக்கு இடுப்பு வலி. நிற்பதே சுகம்."

"அப்படியானால் அதோ அந்தப் பக்கத்து இருக்கையில்?"

வல்லபராயர் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தார். மன்னனின் புருவம் ஏறியது.

"அங்கே வலிக்காத இடுப்பு இங்கே மட்டும் வலிக்குமா? இதில் உட்காரும்."

மன்னன் கட்டளை. கும்பிட்டுக் கெஞ்சியும் பயனில்லை. உட்கார்ந்தார்; பலகை இரண்டாய்ப் பிளந்தது; வல்லபராயர் சேற்றில் கிடந்தார். மன்னன் குனிந்து ரம்பம் பட்ட இடத்தைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, எல்லாரும் பயந்தபடியே, அமைச்சர் பக்கம் திரும்பினான்.

"யார் அறுத்தால் என்ன? இருக்கை உடைந்தது. உடைந்தால் மலையைத் தாண்ட வேண்டும் என்றேன்."

பூதலிங்கம் கொட்டகையைப் பார்த்துத் தலையசைத்தார். காத்திருந்தவர்களில் இருவர் ஓடி வந்து ஆப்பைத் தட்டி, உடைந்ததை உருவி, புதுப் பலகையைச் செருகினார்கள். உப்பு மூட்டையோடு நின்ற ஒருத்தி அதில் உட்கார்ந்தேவிட்டாள்.

"எங்கே அரசே உடைந்தது?" என்றார் அமைச்சர். "தங்கள் பாட்டனார் போனார், தந்தையார் வந்தார். அவரும் போனார், தாங்கள் வந்தீர்கள். அரியணை உடைந்துவிட்டது என்று யாராவது சொன்னார்களா?"

மன்னனிடம் அவன் சாவைப் பற்றிப் பேசியவர் அதுவரை யாருமில்லை. மன்னன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடம் கரை தட்டிய சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு மெல்ல வல்லபராயர் பக்கம் திரும்பினான்.

"கேட்டீரா? பதவி அப்படியே இருக்கும், அதில் இருப்பவர்தான் மாறுவார். கட்டட அதிகாரி பதவிக்கு இன்றே வேறு ஆளைப் போடுகிறேன். நீர் இந்தத் துறையில் பலகை மாற்றிக்கொண்டிரும்."

அதைக் கேட்டதும் பூதலிங்கம் பக்கத்து இருக்கையில் தொப்பென்று சரிந்தார். மன்னன் முன்னால் உட்காரக் கூடாது என்பதே மறந்துவிட்டது.

"ஜெயித்த பிறகும் ஏன் இப்படி நடுங்குகிறீர்?" என்று கேட்டான் மன்னன்.

"பலகையைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அரசே. தங்கள் கோபத்தைத் தடவிப் பார்க்க வழியில்லையே."

மன்னன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பலகை தாங்கியது.