ஒரு தடவைதான்

“மேடம், வெள்ளிக்கிழமையோட என் லீவு முடியுது. கையில ஒரு கிரகம்கூட இல்ல.”

தணிகாசலத்துக்கு நாற்பத்தெட்டு வயது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், மூன்று வருட லீவு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். வழிகாட்டி நாச்சியார் அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

உட்கார்ந்தால் மனிதருக்குக் கால் ஆடும். இன்றைக்குப் பேனா மூடியையும் சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் தேடுவது இதைத்தான். ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே இன்னொன்று போனால், முன்னால் போவதன் ஈர்ப்பு பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்துக் குவிக்கும். பின்னது சில நாள் பளிச்சென்று ஏறி இறங்கும். முன்னால் போவதற்கு ஒரு கிரகம் இருந்தால், அந்த ஏற்ற இறக்கத்தை வரைந்த ஒளிக்கோட்டில் ஒரு சின்னப் புடைப்பு விழும். சில மணி நேரம்தான். அதே ஜோடி மறுபடி நேர்க்கோட்டில் வராது.

“புடைப்பே வரலையா சார்?”

“வராம என்ன? எல்லாம் ஒரே ஒரு தடவை. தொலைநோக்கி ஆடியிருக்கும்னு கழிச்சுக் கட்டிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“முன்னாடி நான் படிச்ச முறைல கிரகம் தன் நட்சத்திரத்தைச் சுத்திச் சுத்தி மறைக்கும். மூணு தடவை மறைச்சாத்தான் கணக்கு. அந்தப் பழக்கம் மேடம். புரோகிராம்லயே எழுதி வச்சுட்டேன். நாளைக்கு எவனாவது கேட்டா நான் எதைக் காட்டுறது?”

நாச்சியார் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“உங்களை இங்க வரச் சொன்னது யாரு சார்?”

“என் சம்சாரம் பவளம்.”

“என்ன சொன்னாங்க?”

“முருங்கைக்கீரை ஆய்ஞ்சுகிட்டிருந்தா. தலையைக்கூடத் தூக்கல. ‘போயிட்டு வாங்க, வீட்டை நான் பாத்துக்கிறேன்’னா.”

“எத்தனை தடவை சொன்னாங்க?”

“ஒரு தடவைதான்.”

“மறுபடி சொல்லச் சொல்லி உறுதி பண்ணிக்கலையா?”

“அதெப்படி மேடம்? அவ குரல் எனக்குத் தெரியாதா?”

நாச்சியார் தணிகாசலத்தின் மேஜையைக் கைகாட்டினார்.

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. நாற்காலி பின்னால் சரிய எழுந்து ஓடினார்.

கழித்துப் போட்டதெல்லாம் ஒரு கோப்பில் கிடந்தது. முதலாவது, ஒற்றைப் புள்ளி. குப்பைதான். இரண்டாவதும் குப்பை.

மூன்றாவதில், இறங்கிக்கொண்டிருந்த ஒளிக்கோட்டின் ஓரத்தில், கால் மணிக்கு ஒன்றாக இருபத்திரண்டு புள்ளிகள் வரிசையாக ஏறி வரிசையாக இறங்கியிருந்தன. தொலைநோக்கி ஆடினால் இப்படி ஒழுங்காக ஆடாது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கால் ஆடவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டார்.

“வெள்ளிக்கிழமை வந்துருவீங்கல்ல?” என்றாள் பவளம்.

அவர் திரையில் இருந்த புடைப்பைப் பார்த்தார்.

“வர்றேன் பவளம். வெறுங்கையோட இல்ல.”