எது அக்கரை?

வெகு காலத்துக்கு முன்னால் நெடுவயல் நாட்டைப் பரிதிமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. காலையில் ஒரு கட்டளை போடுவான், மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அதை மாற்றுவான், அவ்வளவுதான். நடுவில் மாட்டிக்கொண்டவன் பாடு திண்டாட்டம்.

அவனுடைய மந்திரி தோணியப்பன், பிறப்பால் அக்கரைக்காரன். பதினைந்து வருஷத்துக்கு முன் பெருவெள்ளத்தில் ஆற்றின் மறுகரை ஊர்கள் அழிந்தபோது, ஈரத் துணியோடு வந்திறங்கிய தோணிக்காரக் குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. அவர்கள் சந்தைத் திடலில் கூடி, இருக்க இடம் கேட்டார்கள். ராஜா கொடுத்தான். பிறகு தோணியப்பனின் புத்தியைப் பார்த்து அவனை மந்திரியாகவும் ஆக்கினான். அந்தப் பதவி தனக்கு வரவேண்டியது என்று நினைத்திருந்த அரண்மனை அதிகாரி விருத்தகிரிக்கு அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இப்படி இருக்கையில் வாகீசன் என்று ஒருவன் கிளம்பினான். மழை பொய்த்தால் அக்கரையார் காரணம், மாடு செத்தால் அக்கரையார் காரணம், அவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டினால்தான் ஊர் உருப்படும் என்று பேசித் திரிந்தான். வெள்ளிக்கிழமை சந்தைத் திடலில் பெரிய கூட்டம் என்று தண்டோராவும் போட்டுவிட்டான்.

சபையில் ராஜா சொன்னான்: "மந்திரி, உன் முகம் வாடியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குத் தடை. இனி பிறர் மனம் நோகப் பேசுகிறவர் யாரும் திடலில் கூடக் கூடாது. சரிதானே?"

"மனம் நோகிறதா இல்லையா என்று யார் பார்த்துச் சொல்வது, மன்னா?"

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்று விருத்தகிரி முந்திக்கொண்டான்.

வாகீசனின் பேச்சுக்குப் பயந்து தோணியப்பனின் மனைவி மூன்று நாளாகச் சந்தைக்குப் போகவில்லை. ஒரு 'சரி' சொன்னால் போதும். சொல்ல வாய் வரவில்லை.

"வேண்டாம் மன்னா. நாங்கள் வந்திறங்கிய அன்று எங்களைக் கண்டு மனம் நொந்தவர்கள் இந்த ஊரில் பாதிப் பேர். இந்தக் கட்டளை அன்றைக்கு இருந்திருந்தால் நாங்கள் திடலில் கால் வைத்திருக்க முடியாது. அவன் கை ஓங்கினால் பிடியுங்கள். பேசினால் பேசட்டும். பதில் எங்கள் வேலை."

கொடுத்ததை வேண்டாம் என்றால் ராஜாவுக்குக் கோபம் வராதா? விருத்தகிரி சமயம் பார்த்து ஊதிவிட்டான்: "அக்கரை இளவட்டங்கள் கல் பொறுக்கி வைத்திருக்கிறார்களாம், மன்னா."

"அப்படியா சேதி! கூட்டம் நடக்கட்டும். மந்திரி, உன் ஆட்கள் கையிலிருந்து ஒரு கல் பறந்தாலும், நீங்கள் அத்தனை பேரும் ஆற்றைத் தாண்ட வேண்டியதுதான்!"

அக்கரையார் குடியிருந்த தெருவில் தோணியப்பனைச் சூழ்ந்துகொண்டார்கள். மனைவியின் தம்பி மாசிலன்தான் முதலில் கத்தினான்.

"ராஜாவே தடை போடுறேன்னாரு, நீங்க வேண்டாம்னுட்டு வந்திருக்கீங்க! அவன் வையறதை நாங்க கைகட்டிக் கேக்கணுமா, மச்சான்?"

"கேக்க வேண்டாம்டா. அவன் காத்திருக்கிறது உன் கல்லுக்குத்தான். கல்லைக் கீழ போடு, தோணியை எடு. வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் அந்தக் கரைக்குப் போய் உக்காருவோம். போறதுக்கு முன்னால, பழகின இக்கரை வீடுகள்ல சொல்லிட்டுப் போங்க: 'எங்களைப் போகச் சொல்றாங்க. நாங்க போகக் கூடாதுன்னு நெனச்சா, நீங்களும் வந்து எங்க கூட உக்காருங்க.'"

"யாரும் வரலைன்னா?"

தோணியப்பன் தோணிகளை எண்ண ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை ராஜா மேல்மாடத்தில் சவரத்துக்கு உட்கார்ந்தான். அங்கிருந்து திடலும் தெரியும், ஆற்றுத் துறையும் தெரியும். மந்திரியைப் பக்கத்திலேயே நிற்க வைத்திருந்தான்.

அக்கரையார் பிள்ளைகுட்டிகளோடு தோணி ஏறிப் போனார்கள். வெறும் தோணிகள் துறைக்குத் திரும்பிக் காத்து நின்றன. ஒருவரும் வரவில்லை.

"தாங்களாகவே போய்விட்டார்கள், மன்னா!" என்று விருத்தகிரி துள்ளினான். "துறையை அடைத்துவிட்டால் தொல்லை விட்டது."

"அடைத்துவிடலாமோ?" என்று ராஜா தாடையைத் தடவினான்.

தோணியப்பன் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டான். தன் ஜனங்களைத் தானே நாடு கடத்திவிட்டோமோ என்று பட்டது.

அப்போது ஒரு குயவர் வீட்டுக் கிழவர் மெல்ல நடந்துவந்து தோணியில் ஏறினார். பின்னால் எண்ணெய்ச் செக்குக்காரர் குடும்பம், பூக்காரிகள், கோயில் மேளக்காரர்கள். பிறகு வந்த கூட்டம் துறை கொள்ளவில்லை. ராஜாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவன் கத்தியை மடித்தான்.

"மன்னிக்கணும் சாமி. என் மக பிரசவத்துல தவிச்சப்ப மருத்துவச்சியைத் தோணியில கொண்டாந்தது மாசிலனுங்க. வந்து மீதியைச் சிரைக்கிறேன்."

பாதி மீசையோடு ராஜா எழுந்தான். "தோணியில் ஏறுகிற அந்தப் பச்சைக் குடை யாருடையது?"

"என்... என் மனைவியுடையது, மன்னா" என்றான் விருத்தகிரி.

திடலில் வாகீசன், "அக்கரையாரே, வெளியேறுங்கள்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். நாற்பது பேர்தான் நின்றார்கள். கல் எதுவும் வரவில்லை.

"என் ஊர் எங்கே, மந்திரி?"

"அக்கரையில், மன்னா. அங்கே உட்கார்ந்து பார்த்தால் இதுதான் அக்கரை. நாம்தான் அக்கரையார்."

ராஜா மீதி மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு, "அந்த வாகீசனைச் சிறையில் போடு!" என்று குதித்தான். தோணியப்பன் கைகூப்பித் தடுத்தான். "அவன் யாரையும் அடிக்கவில்லையே, மன்னா."

"சரி. என் காலத்தில் அந்தத் திடலுக்குப் பூட்டு கிடையாது. விருத்தகிரி, துறையில் உனக்கு ரொம்ப அக்கறை. நீயே தோணி தள்ளி எல்லோரையும் கூட்டி வா, உன் மனைவியிலிருந்து ஆரம்பி!" மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் ராஜா இதை மாற்றவில்லை. விருத்தகிரிக்குத் தோணிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் மாசிலன்.

ஆனால் அந்த நாற்பது பேரில் ஒருவனைத் தோணியப்பன் மாடத்திலிருந்தே பார்த்துவிட்டான். வெற்றிலைக் கடை குப்பாண்டி. பத்து வருஷமாகத் தினமும் அவனிடம்தான் வெற்றிலை. அது தோணியப்பனுக்கு ரொம்ப வலித்தது.

மறுநாள் காலை வழக்கம்போல அந்தக் கடைக்கே போனான்.

"நேத்து வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களே, அண்ணே."

குப்பாண்டி தலை நிமிராமல் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போய்க் கூப்பிட்டாங்களாம். எங்க வீட்டுக்கு யாரும் வரலிங்களே."

தோணியப்பன் கடைப் பலகையில் ஒருக்களித்து உட்கார்ந்தான். அன்றைக்கு மந்திரி சபைக்கு வர வெகுநேரம் ஆயிற்று.