வெறுங்கையும் வாளும்

முன்னொரு காலத்தில், வீரம் என்றால் என்னவென்று உலகத்துக்கே கற்றுக்கொடுத்த நாடு ஒன்று இருந்தது. அந்த நாடு கடைசியாகப் போர் செய்தது மன்னர் விசயகண்டரின் பாட்டனார் காலத்தில். அதிலும் எதிரிப்படை வழி தவறித்தான் வந்தது என்று பேச்சு.

போர் இல்லாத ஊரில் போர் ஆசானுக்கு என்ன வேலை? நூல் எழுதுவதுதான். அரண்மனை ஆசான் ரணகேசரியார் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து 'வெறுங்கை வாகை' என்றொரு நூல் எழுதினார். வாளோடு பாய்கிறவனை வெறும் கையால் மடக்க அறுபத்து நான்கு பிடிகள் அதில் இருந்தன. அரங்கேற்றம் மூன்று நாள் நடந்தது. மூன்றாம் நாள், சபை மொத்தமும் மெய்மறந்திருந்த வேளையில், விகடகவி கூத்தபிரான் மட்டும் குறட்டை விட்டான். மன்னர் சிரித்துவிட்டார். ஆசானால் குறட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

"மன்னர் மன்னா! இந்த நூலை ஒருவன் காதால் கேட்டாலே போதும், கத்தி அவனை ஒன்றும் செய்யாது. இதோ கூத்தபிரான் கேட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை காலை அடியேன் வாளோடு பாய்கிறேன். அவன் வெறுங்கையோடு நிற்கட்டும்" என்றார்.

மன்னருக்கு அன்று பொழுது போகவில்லை. "ஆகட்டும். ஒருவேளை அவன் வெட்டுப்பட்டால், ஆசானே?"

"அவன் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம், மன்னா. நூலில் பிழை இராது."

கூத்தபிரான் வீட்டுக்குப் போய் மனைவி செம்பாயியிடம் விஷயத்தைச் சொன்னான்.

"மூணு நாள் கேட்டீங்களே, ஒரு பிடியாவது ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள்.

"முதல் பிடி இருக்கு. வாளை ஓங்குறவன் கண்ணை நாம கருணையோட பார்க்கணும்."

"பார்த்தா?"

"தெரியாது. அங்கதான் தூங்கிட்டேன். முழிச்சப்போ முப்பத்தொன்பதாம் பிடி ஓடுது. அதுல நமக்கு ரெண்டு கையும் போயிருக்கும். மிச்சம் இருக்கிற காலால என்ன செய்யலாம்னு விவரமா எழுதியிருக்கார்."

"அந்த ஆசான் கட்டையில போக! பேசாம ஓடிருங்களேன்!"

"கேட்டுப் பார்த்தேன் புள்ள. ஓட்டம் நூல்ல இல்லையாம்."

செம்பாயி சிரிக்கவில்லை. அவளுடைய கை அவனுடைய மேல்துண்டைப் பிடித்திருந்தது. கூத்தபிரானுக்கும் அதற்குமேல் வேடிக்கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கொலுமண்டபம் நிரம்பி வழிந்தது. ஆசான் மார்பில் சந்தனம், மீசையில் எண்ணெய், கையில் வாள். அதுவரை வாள் ஒருவேளை மரத்தில் செய்ததாக இருக்கலாம் என்று கூத்தபிரானுக்கு ஒரு நப்பாசை இருந்தது. ஆசான் அதை உருவிக்காட்டிப் பூசணிக்காய் ஒன்றை இரண்டாக்கினார். ஆசை தீர்ந்தது.

"மன்னா, ஒரு சந்தேகம்" என்றான் கூத்தபிரான். "கை வெறுமையாக இருக்க வேண்டும், சரி. வாயைப் பற்றி நூலில் ஏதாவது உண்டா?"

ஆசான் முந்திக்கொண்டார். "வாயைத் தாராளமாக வைத்துக்கொள்ளடா! அலறுவதற்கு உதவும்."

சபை சிரித்தது. ஆசான் வாளை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். வாள் கழுத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது கூத்தபிரான் அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தான்.

"ஸ்வஸ்திஸ்ரீ! வெண்குடை நிழலில் வையகம் குளிர..."

அது மன்னருடைய மெய்க்கீர்த்தி. அந்த நாட்டில் அரசர் புகழைச் சொல்லும் அந்தப் பாட்டு காதில் விழுந்த கணத்தில் ஆயுதத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பி நிற்க வேண்டும். கடைசி அடி முடியும்வரை கை பிரியக் கூடாது; குறுக்கே பேசினால் ராஜ துரோகம். போன மாசியில் நடுவே மூக்கைச் சொறிந்த காவலன் ஒருவன் இன்னும் யானைக் கொட்டடியில் சாணி அள்ளுகிறான். சொறிந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவரே நம் ஆசான்தான்.

சபை எழுந்து கைகூப்பியது. ஆசானின் மூளை வேண்டாம் என்றுதான் கத்தியிருக்கும். ஆனால் நாற்பது வருடப் பழக்கம் மூளையைக் கேட்பதில்லை. கை தானாகவே வாளைத் தரையில் வைத்தது. பிறகு பக்தியோடு குவிந்தது.

மெய்க்கீர்த்தி முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. மன்னர் ஒரு காட்டை வென்றது, ஏரியை வென்றது, தலைவலியை வென்றது எல்லாம் அதில் உண்டு. கூத்தபிரான் ஒன்றையும் விடவில்லை. நிறுத்தச் சொல்ல மன்னருக்கும் மனமில்லை. சொந்தப் புகழ் யாருக்குக் கசக்கும்?

பாடுகிறவன் ஏட்டைப் புரட்ட வேண்டும் என்பதால் அவன் ஒருவனுக்குக் கைகூப்பும் கடமை கிடையாது. இருநூறாவது அடியில் கூத்தபிரான் பாடிக்கொண்டே மெல்ல நடந்தான். குனிந்தான். வாளை எடுத்தான். ஆசான் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"...வாழிய ஊழி!" என்று முடித்தான். "ஆசானே, இப்போது வாள் என்னிடம். வெறுங்கை உங்களிடம். நூலும் உங்களுடையது. எந்தப் பிடி?"

அறுபத்து நான்கில் ஒன்றும் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வரவில்லை. ஆசான் ஒரே தாவலில் படியிறங்கி, அங்கவஸ்திரம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாக மண்டபத்தை விட்டு ஓடினார்.

"நில்லுங்கள், முதல் பிடியையாவது காட்டிவிட்டுப் போங்கள்!" என்று கூத்தபிரான் வாளை வீசிக் கூப்பிட்டான். வாள் பிடித்துப் பழகாத கை அது. வாள் நழுவிப் பறந்து, சிம்மாசனத்தின் தலைமாட்டில் குத்தி நின்று ஆடியது.

கூத்தபிரான் கண்ணை மூடிக்கொண்டான். செம்பாயியின் முகம் வந்து போனது.

அப்போது மன்னரின் சிரிப்பு கேட்டது. கொஞ்சம் மூச்சுத் திணறலோடு, ஆனால் சிரிப்புதான். உடனே சபை முழுவதும் வயிறு குலுங்கச் சிரித்தது.

"ஓட்டத்தை அறுபத்தைந்தாம் பிடியாகச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள் அந்த ரணகேசரியை!" என்றார் மன்னர். "கூத்தபிரானுக்குப் பட்டும் பல்லக்கும் கொடுங்கள். இனி அவன்மேல் எவனும் வாளெடுக்கக் கூடாது. இது நம் ஆணை!"

இத்தனை ஆணைகளையும் மன்னர் சிம்மாசனத்துக்கு அடியிலிருந்தே பிறப்பித்தார். இடுப்பு மாட்டிக்கொண்டிருந்தது.