ஆணி அடிக்கக் கூடாத வீடு

கோபத்தை விடுவது எப்படி என்று கேட்க டென்சிங் வந்தபோது குரு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

குரு ஒரு பெண். டென்சிங்கைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிலர் அவருடைய வீட்டுக்குப் போய், பேசாமல் தியானத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்கள். கண்ணை மூடினால் அவர்களில் அசையவே அசையாதவன் டென்சிங்தான்.

“யாரோட கோபம்?” என்றார் குரு.

“ஜெபாவோட கோபம்மா. என் மனைவி.”

“அப்போ அவதானே வரணும்?”

“வர மாட்டேங்கிறா. அலமாரிய விட்டு எந்திரிக்க மாட்டாளாம்.”

குரு கத்தியைக் கீழே வைத்தார். “என்ன அலமாரி?”

டென்சிங் சொன்னான். குழந்தை பிறந்த பிறகு துணி வைக்க வீட்டில் இடமில்லை. ஆசாரியிடம் செய்யச் சொன்னால் கட்டுப்படியாகாது. அதனால் போனில் பார்த்து ஒரு டிராயர் அலமாரி வாங்கினான். பலகை பலகையாக அட்டைப்பெட்டியில் வந்தது. கூடவே வந்த படத்தைப் பார்த்து அவனே திருகி நிறுத்தினான். நாலு டிராயர், நெஞ்சு உயரம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கடையில் செய்தது மாதிரியே இருக்கிறது என்றார்கள்.

“அப்புறம்?”

“அதோட ஒரு பட்டையும் கொடுத்திருந்தாங்க. அலமாரிய சுவரோட சேத்து மாட்டுறதுக்கு. அதை மட்டும் மாட்டல. வாடகை வீடும்மா. ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் ஓனர் சாவியே கொடுத்தார். எங்க வீட்டுல காலண்டர்கூட ஜன்னல் கம்பியிலதான் தொங்குது.”

“கோபம் அதுக்கா?”

“அதுல ஆரம்பிச்சது. இப்ப எதுக்கெடுத்தாலும் கத்துறா. நீங்க ஒரு தடவ வந்து பொறுமையப் பத்தி அவகிட்ட சொன்னீங்கன்னா...”

குரு வெண்டைக்காயைத் தட்டால் மூடிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

ஒரு அறையும் சமையற்கட்டும் மட்டுமே உள்ள மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடியிருந்தார். ஜெபா அலமாரியில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் மடித்த துணி, பால் புட்டி, சாப்பிட்டு முடித்த தட்டு. நடை பழகிய பெண்குழந்தை ஒன்று அவள் தோளைத் தாண்டிக் கையை நீட்டி, டிராயரின் கைப்பிடியை எட்டப் பார்த்துக்கொண்டிருந்தது. அலமாரியின் மேல், கையில் குழந்தையோடு ஒரு மாதா சுரூபம்.

“வாங்க. பொறுமை சொல்ல வந்திருக்கீங்களா?” என்றாள் ஜெபா.

“தண்ணி கேக்க வந்தேன்.”

“அவரை எடுத்துத் தரச் சொல்லுங்க. நான் எந்திரிச்சா இவ ஏறிருவா.”

டென்சிங் தண்ணீர் கொண்டுவந்தான். குரு குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

“என்னம்மா நடந்துச்சு?”

ஜெபா இடது கையை நீட்டினாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போய் நீலமாக இருந்தது.

“நான் அடுப்படியில நின்னேன். இவ கீழ் டிராயர இழுத்து அதுக்குள்ள ஏறிட்டா. நின்னுக்கிட்டே அடுத்ததையும் பிடிச்சு இழுத்திருக்கா. அலமாரி மொத்தமா முன்னால சாஞ்சு வருது. ஓடிவந்து கையக் கொடுத்தேன். இவரு அங்க உக்காந்து தோசை தின்னுக்கிட்டிருந்தார். பார்த்துட்டு என்ன சொன்னார்னு கேளுங்க.”

“விழலையேன்னு சொன்னேன்” என்றான் டென்சிங். “விழலைதானே?”

“கேட்டீங்களா? விழுந்த பிறகு பேசுவோம்ங்கிறார்.”

“நான் ஒண்ணும் சும்மா இருக்கலம்மா. அன்னைக்கே போய் மாதாவ வாங்கிட்டு வந்து மேல வச்சேன். கனத்துக்குக் கனமாச்சு, காவலுக்குக் காவலாச்சு.”

“அந்தம்மா கையில ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கு” என்றாள் ஜெபா. “உங்க பிள்ளையையும் அவங்கதான் பிடிக்கணுமா? உங்க கை ரெண்டும் எதுக்கு, தோசை பிய்க்கவா?”

“பாருங்கம்மா. இப்படித்தான் நாள் பூரா.”

“பிரிச்சுப் போட்டுருங்கன்னு கெஞ்சினேன். ஒரு தடவ பிரிச்சா அந்தப் பலகையில திருகு திரும்பப் பிடிக்காதாம். சரி, நானே பிரிச்சிருவோம்னு தேடினா, திருகுற சாவியக் காணோம். ஆபீஸ் பையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டார்.”

குரு டென்சிங்கைப் பார்த்தார்.

“கோபத்துல ஏதாவது பண்ணிருவாளோன்னுதான்மா...”

“ஓனர்கிட்ட கேட்டியா?”

“அவரு பயங்கரக் கோபக்காரர்மா. வீட்டைக் காலி பண்ணுன்னுட்டா?”

ஜெபா சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு. “அந்த மனுசனுக்குக் கோபம் வந்தா இவருக்குப் பயம். எனக்குக் கோபம் வந்தா எனக்குத் தியான வகுப்பு.”

குரு தண்ணீரைக் குடித்து முடித்தார். மாதாவை இறக்கி ஜன்னல் திட்டில் வைத்தார்.

“ஜெபா, பிள்ளையத் தூக்கிட்டு வாசல்கிட்ட போய் நில்லு.”

ஜெபா அலமாரியைப் பார்த்தாள், குருவைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“டென்சிங், இங்க உக்காரு. அலமாரிக்கு ஒரு கை தள்ளி, அதைப் பார்த்தபடி. கண்ண மூடு. மூச்சக் கவனி.”

இது அவனுக்குத் தெரிந்த வேலை. சம்மணமிட்டு உட்கார்ந்தான். நெற்றிச் சுருக்கம் போயிற்று. முகத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்து அமர்ந்தது.

குரு மேல் டிராயரை முழுவதும் இழுத்தார். பிறகு அதற்கு அடுத்ததை. பிறகு மூன்றாவதை. எல்லாவற்றிலும் துணி நிறைந்திருந்தது. மேல் டிராயரின் விளிம்பில் கையை வைத்து மெல்ல அழுத்தினார்.

அலமாரியின் பின்கால்கள் தரையை விட்டன. எங்கோ ஒரு பலகை கிறீச்சிட்டது.

டென்சிங் கண்ணைத் திறந்தான். அலமாரி அவன் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. “ஐயோ!” என்று உருண்டு ஒதுங்கினான். குரு தோளைக் கொடுத்து அதை நிமிர்த்தி நிறுத்தினார்.

“என்னம்மா பண்றீங்க? கொல்லப் பாக்குறீங்களா? உங்களுக்குப் பைத்தியமா?” நடு வீட்டில் நின்று கத்தினான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இத்தனை வருடத்தில் குருவிடம் அவன் குரல் உயர்ந்ததே இல்லை. குழந்தை பயந்து அழுதது.

“மூச்சு எங்க போச்சு?” என்றார் குரு.

டென்சிங் திரும்பினான். தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். குழந்தையின் ஒற்றைக் கொலுசு அங்கே கழன்று கிடந்தது.

“நான் பெரிய ஆளு” என்றான். “உருண்டு வந்துட்டேன்.”

எதிர்வீட்டுக்குப் போய் டிரில் மிஷின் இரவல் வாங்கிவந்தான். பட்டையை எடுத்துப் பிரித்தான். சுவரில் இரண்டு துளை போட வேண்டும். முதல் துளை போட்டபோது வீடு முழுக்க அதிர்ந்தது. வெள்ளைத் தூள் அவன் சட்டையெல்லாம் கொட்டியது.

கீழே ஒரு கதவு படாரென்று திறந்தது. படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது.

“யாருய்யா என் சுவத்தை ஓட்டை போடுறது? கதவத் தொற!”

டென்சிங்கின் கை நின்றுவிட்டது. குருவின் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னான். “அம்மா, நீங்க பேசுங்களேன். நீங்க சொன்னா யாரா இருந்தாலும் அடங்கிருவாங்க. அவ பேசினா சண்டையாயிரும்.”

அதற்குள் ஜெபா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கதவை அகலத் திறந்துவிட்டாள்.

“வாங்க சார். உள்ள வந்து நல்லாப் பாருங்க. இன்னும் ஒரு ஓட்டை பாக்கி இருக்கு.”

குரு கையை நீட்டினார்.

“மிஷினை இங்க கொடு. உன் குரு வாசலுக்குப் போயாச்சு. போய் அவ பக்கத்துல நில்லு.”