கடைசிப் பெஞ்சின் சண்டைக்காரி

ரயிலடிக்கு அருகே, கருங்கல்லில் கட்டிய ஒரு தேவாலயத்தில், முன்னொரு காலத்தில் ஒரு கடைசிப் பெஞ்சு வாழ்ந்துவந்தது. முன்னொரு காலம் என்றால் ரொம்பப் பழைய காலம் அல்ல. எல்லார் கையிலும் கைப்பேசி வந்துவிட்ட காலம்தான்.

முன்வரிசைப் பெஞ்சுகளின் முதுகில் பித்தளைத் தகடு உண்டு. இன்னாரின் நினைவாக இன்னார் அளித்தது என்று அதில் பொறித்திருக்கும். கடைசிப் பெஞ்சுக்குத் தகடு கிடையாது. தன்னைச் செய்வித்தவர் யார் என்று அதற்கே தெரியாது. தான் தேக்கு என்பது மட்டும் தெரியும்.

அதன்மேல் உட்கார்ந்தவர்களுக்கும் தகடு கிடையாது. பிந்தி வந்தவர்கள், குழந்தை அழுதால் எழுந்து ஓடவேண்டிய தாய்மார்கள், முந்தின நாள் குடித்த வாடை இன்னும் போகாதவர்கள், வேறு சாதியில் கட்டிக்கொண்டு மாமியார் கண்ணில் படாமல் ஜெபிக்க வந்த மருமகள்கள். யாரையும் அது ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. அந்தக் கேள்வியை முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்டார்கள். வாயால் அல்ல; திரும்பிப் பார்த்து.

பிறகு ஆலயம் வற்றத் தொடங்கியது. குளம் கரையிலிருந்து வற்றும். இந்த ஆலயம் முன்வரிசையிலிருந்து வற்றியது.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. புதுப் பட்டுப்புடவையையும் புது மருமகனையும் ஊருக்குக் காட்டும் இடமாக முன்வரிசை இருந்தது. பிள்ளைகள் மெல்போர்னுக்கும் டொராண்டோவுக்கும் பெங்களூருக்கும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று திங்கட்கிழமை கேட்க அங்கே ஆள் இல்லை. பெற்றோருக்கு முழங்கால் வலி வந்தது. காட்டுவதற்கு மருமகனும் ஊரில் இல்லை. நம்பிக்கையை இழந்துவிட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. குடை தொலைவதுபோல அது தொலைந்தது. எந்த வண்டியில் விட்டோம் என்று யோசிப்பதற்கு மழையும் வரவில்லை.

கடைசிப் பெஞ்சும் மெல்ல மெல்லக் காலியானது. இறுதியில் ஒருத்தி மிஞ்சினாள். அவள் பெயர் வயலெட்.

மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுடைய ஒரே மகன் எட்வின் கல்லூரிக்குப் போகும் வழியில் பைபாஸ் சாலையில் லாரி மோதி இறந்தான். அப்போதிருந்த போதகர் அடக்க ஆராதனையில், கர்த்தர் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்றார். பெட்டியின் அருகே நின்றிருந்த வயலெட், "ஏன், அவரு தோட்டத்துல பூவே இல்லயா?" என்று கேட்டாள். போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். பூவைப் பறித்தவரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் தன் வழக்கமான இடத்தை விட்டுக் கடைசிப் பெஞ்சுக்கு வந்தாள். வாசலை ஒட்டிய ஓரத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பாடவில்லை, முழங்கால் போடவில்லை, ஆமென் சொல்லவில்லை. திருவிருந்து நாளில் எல்லாரும் எழுந்து அப்பமும் திராட்சை இரசமும் வாங்கப் போகும்போது கைகளை மடியில் கட்டிக்கொண்டு இருப்பாள். ஆனால் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

பெஞ்சுக்கு அது முதலில் விளங்கவில்லை. பிறகு ஊர்க் கல்யாணங்களை நினைத்துப் பார்த்து விளங்கிக்கொண்டது. மனத்தாங்கல் வந்த பிறகு கல்யாணத்துக்கே போகாதவன் உறவை அறுத்துக்கொண்டவன். போய், பின்வரிசையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்து, பந்தியில் கைநனைக்காமல் திரும்புகிறவன் சண்டைக்காரன். சண்டைக்காரன் இன்னும் சொந்தக்காரன்தான்.

வயலெட் கடவுளின் வீட்டுக்கு வாரந்தோறும் வந்து, அவரோடு பேசாமல் போனாள்.

இப்படி இருக்கையில்தான் கேமரா வந்தது. பீடத்தின் பக்கத்துத் தூணில் அதைப் பொருத்தினார்கள். கழுத்தைத் திருப்பத் தெரிந்த கேமரா. ஒரு கணம் போதகரைப் பார்க்கும், மறுகணம் சபையைப் பார்க்கும்.

"நான் வந்துவிட்டேன், இனிக் கவலை வேண்டாம்," என்று வந்த அன்றே அது அறிவித்தது. "இந்த ஆலயத்தை ஐந்து கண்டங்களுக்கும் கொண்டுபோகப் போகிறேன்."

"ஐந்து கண்டங்களுக்குப் போவது இருக்கட்டும்," என்றது பிரசங்க பீடம். அது ஆலயத்தின் வயதுக்குச் சமமான வயதுடையது, வாய்த்துடுக்கு அதற்கும் மேலே. "எதிர்த் தெருவிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவர உன்னால் முடியுமா, தம்பி?"

"அதெல்லாம் பழைய கணக்கு. இப்போது வருவது முக்கியமல்ல, பார்ப்பதுதான் முக்கியம்."

"நாங்கள் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டோம்," என்றது முன்பெஞ்சு பெருமையாக.

கேமரா கழுத்தை முழுக்கத் திருப்பியது. "பின்னால் என்ன, இத்தனை பெஞ்சுகள் வெறுமையாக நிற்கின்றன? படத்தில் பார்த்தால் இழவு வீடு கலைந்ததுபோல் இருக்கிறது."

"என்மேல் ஆள் இருக்கிறாள்," என்றது கடைசிப் பெஞ்சு.

முன்பெஞ்சு சிரித்தது. "யார், அந்த வயலெட்டா? பாடுவதில்லை, ஜெபிப்பதில்லை. அவளை ஆள் என்று கணக்கில் சேர்த்தால் ஜன்னல் மேல் இருக்கும் புறாவையும் சேர்க்க வேண்டும்."

"புறா கோபித்துக்கொண்டு வரவில்லை," என்றது கடைசிப் பெஞ்சு. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கேமராவுக்கு இருந்த அதே கவலை மனிதர்களுக்கும் வந்தது. இளம் போதகர் சாம் எபனேசரும் சபைச் செயலர் பொன்னுத்துரையும் ஒரு மாலை கைப்பேசியில் ஆராதனைப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள்.

"பின்னால பூரா காலியா தெரியுது பாத்தீங்களா, ஐயா," என்றார் பொன்னுத்துரை. "வெளிநாட்டுல இருந்து பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"வர்ற எல்லாரையும் முன்னால மூணு வரிசைல உக்காரச் சொல்லிருவோம்," என்றார் போதகர். "நெருக்கமா தெரியும்."

"அப்போ பின்வரிசய எடுத்துருவோமா?"

போதகர் படத்தில் பின்வரிசையைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆள் உக்காராத பெஞ்ச எடுத்துரலாம். உக்காந்தா இருக்கட்டும்."

கடைசிப் பெஞ்சு அதைக் கேட்டது. தன் ஆயுள் வயலெட்டின் பிடிவாதத்தில் தொங்குகிறது என்று அதற்குப் புரிந்தது. அவள் பிடிவாதத்தை அது நன்கு அறியும். ஆகவே தைரியமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வயலெட் வழக்கம்போல் வாசலோரம் வந்து உட்கார்ந்தாள். பொன்னுத்துரை குனிந்து தணிந்த குரலில் சொன்னார்.

"அக்கா, முன்னால வாங்கக்கா. எல்லாரையும் முன்னால உக்காரச் சொல்லியிருக்கு."

"எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு."

"கேமராவுல நீங்க ஒத்தையா தெரியுதீங்க."

"ஒத்தையாத்தான வந்திருக்கேன். வேற எப்படித் தெரியணும்?"

பொன்னுத்துரை சிரிக்க முயன்றார். "மொகத்த காட்டப் பிரியம் இல்லன்னா வீட்டுலயே பாக்கலாம்லாக்கா. லைவ்ல வருதுல்லா. காபி குடிச்சுக்கிட்டே பாருங்க."

வயலெட் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "வீட்டுல இருந்து எப்படித் தம்பி சண்ட போடுறது? அது என் வீடு. அவருகிட்ட சண்டன்னா அவரு வீட்டுக்கு வந்துதான போடணும்?"

பொன்னுத்துரை பீடத்தைத் திரும்பிப் பார்த்தார். போதகரே இறங்கி வந்தார். எட்வின் உயிரோடிருந்தால் அவனுக்கும் இவருக்கும் வயதில் ஒன்றிரண்டு வருடமே முன்பின் இருக்கும்.

"அம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதோம். முன்னால எல்லாரோடயும் சேந்து உக்காந்தா மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

"ஆறுதலுக்கு நான் வரலய்யா," என்றாள் வயலெட். "உங்களுக்கு எடஞ்சலுக்கும் வரல."

அவள் எழுந்தாள். குடையை எடுத்துக்கொண்டு வாசல் வழியே இறங்கிப் போனாள். பெஞ்சின் ஓரத்தில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து மழுங்கிய இடம் சற்று நேரம் சூடாக இருந்தது. பாட்டு முடிவதற்குள் அதுவும் ஆறியது.

அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மற்றப் பெஞ்சுகள் காலியாகிப் பல வருடம் ஆகியிருந்தது. அவற்றுக்குப் பழக்கம் உண்டு. கடைசிப் பெஞ்சுக்கு இது புதிது. கனம் இல்லாமல் நிற்பது மரத்துக்கு எவ்வளவு கடினம் என்று அது அப்போதுதான் அறிந்தது.

ஒரு வார நாளின் பிற்பகல். ஆலயத்தில் ஒருவரும் இல்லை. கேமரா சுவரைப் பார்த்தபடி இருந்தது.

"ஒன்று கேட்கலாமா?" என்றது கடைசிப் பெஞ்சு. "உன் பக்கத்தில் கூட்டம் எப்படி?"

கேமரா மெல்லக் கழுத்தைத் திருப்பியது. பிறகு, வந்த நாளில் இருந்த மிடுக்கு இல்லாமல், "யாரிடமும் சொல்லாதே," என்றது. "தொடக்கத்தில் கொஞ்சம் பேர் எட்டிப்பார்ப்பார்கள். முதல் பாட்டு முடிந்ததும் போய்விடுவார்கள். கடைசிவரை இருப்பது போதகர் மனைவியின் கைப்பேசி மட்டும். அதுவும் சமையலறை மேடையில் தானாக ஓடிக்கொண்டிருக்கும்."

"போகிறவர்கள் கோபித்துக்கொண்டா போகிறார்கள்?"

"இல்லை."

"கடவுள் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்களா?"

"அவ்வளவு தூரம் யோசித்தால் சந்தோஷப்படுவேனே. அடுப்பில் தோசை கருகும் வாசனை வரும். எழுந்து போவார்கள். திரும்பி வரமாட்டார்கள். தாங்கள் திரும்பி வரவில்லை என்பதையே அவர்கள் கவனிப்பதில்லை."

பெஞ்சுக்கு அந்தக் கண்ணாடிக் கண்ணின்மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது.

"உன்மேல் இருந்தவள் என்ன செய்வாள்?" என்று கேமரா கேட்டது. "நான் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரத்தில் ஆள் தெரியும், முகம் தெரியாது."

"கைநனைக்காமல் இருப்பாள்," என்றது பெஞ்சு.

கேமராவுக்கு அது விளங்கவில்லை.

சனிக்கிழமை நான்கு பேர் வந்து கடைசிப் பெஞ்சைத் தூக்கினார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய திரை வைக்கப்போவதாகவும், அதற்குக் கால் செய்ய நல்ல தேக்கு வேண்டும் என்றும், திங்கட்கிழமை ஆசாரி வந்து அறுத்துக்கொள்வார் என்றும் பேசிக்கொண்டார்கள். வளாகத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில், சாலையைப் பார்க்க இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். ஆலயம் அதன் முதுகுப்பக்கம் இருந்தது. அத்தனை காலம் பீடத்தையே பார்த்து நின்ற பெஞ்சு அன்று முதல்முறை பேருந்துகளைப் பார்த்தது.

ஞாயிறு விடிந்தது. தூறல் போட்டது. முதல் மணி அடித்தது, இரண்டாம் மணி அடித்தது. மூன்றாம் மணி ஓய்ந்த பின் ஆலயக் கதவைச் சாத்தினார்கள். சாலையின் இரைச்சல் நேரலையில் கலந்துவிடுகிறதாம். முன்வரிசையில் நெருக்கி உட்கார்ந்த சிலரின் பாட்டு, ஆயிரம் பேர் பாடுவதுபோல் கூட்டி வைக்கப்பட்டு, ஜன்னல் வழியே வந்தது.

அப்போது வளாகக் கதவு திறந்தது. குடையோடு வயலெட் வந்தாள்.

அவள் எதற்காக வந்தாளோ, வாசல்வரை வந்து திரும்பத்தான் வந்தாளோ, பெஞ்சுக்குத் தெரியாது. வேப்பமரத்தடியில் அதைக் கண்டதும் நின்றாள். "ஒன்னையும் வெளிய போட்டுட்டாங்களா?" என்றாள். முந்தானையால் ஓரத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு, மழுங்கிய இடத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சின் கால்கள் ஈரமண்ணில் சற்று இறங்கின. இத்தனை நாள் இல்லாத நிம்மதி அதற்கு வந்தது.

ஆனால் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பேருந்து போயிற்று, இன்னொன்று போயிற்று. திரும்பித் திரும்பி ஆலயத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, குடையை மடக்கி மரத்தில் சாய்த்துவிட்டு, பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

நான்கு பேர் தூக்கிய பெஞ்சு. ஓர் அங்குலம் நகர்ந்தது. மூச்சு வாங்க நின்றாள், மறுபடி இழுத்தாள். பெஞ்சு தன்னால் ஆனமட்டும் லேசாக இருக்கப் பார்த்தது. மண் முடிந்து கல் பாவிய தரை வந்ததும் கால்கள் உரசிக் கிறீச்சிட்டன.

கதவு திறந்தது. பொன்னுத்துரை ஓடிவந்தார்.

"என்னக்கா பண்ணுதீங்க? சத்தம் உள்ள லைவ்ல கேக்குது."

"பெஞ்ச திருப்புதேன்."

"எதுக்கு? நாளைக்கு ஆசாரி வந்து அறுக்கப் போறாருக்கா."

"நாளைக்குத்தான? இன்னைக்கு ஞாயித்துக்கெழம." அவள் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தாள். பெஞ்சு ஆலயத்தை நேராகப் பார்த்து நின்றது. "முதுக காட்டி உக்காந்தா, சண்ட தீந்துட்டுன்னு நெனச்சுருவாரு."

பொன்னுத்துரை அவளையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே அடுத்த பாட்டு தொடங்கியது. பாட்டின்போது அவர் முகம் படத்தில் இல்லாவிட்டால் வரிசையில் இடைவெளி தெரியும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வயலெட் மரத்தடிக்குப் போய்க் குடையை எடுத்துவந்து உட்கார்ந்தாள். தூறல் வலுத்தது. குடையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாள்; பெஞ்சின் பாதி நனையாமல் இருந்தது. உள்ளே அப்பமும் இரசமும் கொடுக்கும் மணி ஒலித்தது. அவள் ஒரு கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, சாத்திய கதவை வெறித்துப் பார்த்தாள்.

அன்று அந்த ஆலயத்தில் கடவுள் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். உள்ளே இருந்தவர்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.