மன்னர் மீசையைத் தொட்டால்

மஞ்சாடி நாட்டு மன்னர் கொற்றவர்மருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று பாட்டு. இன்னொன்று அவர் பெயரில் வெளிவந்த கைப்பேசிச் செயலி.

பாட்டைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பது நல்லது. தினமும் விடியற்காலையில் அரண்மனை மாடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. எல்லையில் ஆளுயரத்துக்கு ஒன்று, பக்கத்து நாட்டைப் பார்த்தபடி நின்றது. "பாவம், அவர்களும் கேட்கட்டுமே!" என்பார். பெரிய மனசு.

செயலியைத் திறந்தால் மன்னரின் படம் வரும், முறுக்கிய மீசையோடு. அவ்வளவுதான், வேறு ஒன்றும் வராது. அரண்மனையில் சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டும் அதைப் போனில் வைத்திருந்தார்கள்.

பக்கத்துக் குன்றிமணி நாட்டு அரசர் செங்குன்றரும் ஒரு செயலி விட்டிருந்தார். அதில் இட்லி கேட்டால் வீட்டுக்கு வரும். குதிரைவண்டி கேட்டால் வாசலில் நிற்கும். ஜாதகப் பொருத்தம்கூடப் பார்க்கும். மஞ்சாடி மக்களே அதில்தான் இட்லி வாங்கித் தின்றார்கள்.

ஒருநாள் கொற்றவர்மரின் போனுக்குச் செங்குன்றரிடமிருந்து செய்தி வந்தது. "உங்கள் செயலியை எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள்? எண்ணக் கைவிரல் போதுமா, கால்விரலும் வேண்டுமா?" கூடவே, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மை வேறு.

அந்தப் பொம்மைதான் மன்னரை ரொம்பச் சுட்டது. சபையைக் கூட்டினார். "அடுத்த பௌர்ணமிக்குள் இரண்டு நாட்டிலும் நம் செயலி முதலிடத்தில் இருக்க வேண்டும்! யார் செய்வீர்கள்?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தலைமை அமைச்சர் பிரமராயர் மட்டும் எழுந்தார். சபையில் விகடம் பேசும் விடங்கரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தாம் பேசினால் கொட்டாவி விடும் மன்னர், விடங்கர் பேசினால் சிரிக்கிறாரே!

"விடங்கர் கெட்டிக்காரர், அரசே. அவரிடம் விடுங்கள். மக்களை மிரட்டக் கூடாது, இலவசம் கொடுக்கக் கூடாது. முடியாவிட்டால் சிக்னல் கிடைக்காத காட்டுக்கு நாடு கடத்திவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் மன்னர்.

விடங்கர் கைகூப்பிக் கேட்டார். "செயலிக்குள் நான் எதை வேண்டுமானாலும் வைக்கலாமா, அரசே?"

"எதை வேண்டுமானாலும் வை. என் படத்தை மட்டும் எடுத்துவிடாதே."

பல நாள் யோசித்தும் விடங்கருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் விடியற்காலையில் மனைவி வேதவல்லியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது தெருமுனை ஒலிபெருக்கி ஆரம்பித்தது. நாய்கள் ஓடின. வேதவல்லி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"அந்தக் காட்டில் இந்தப் பாட்டுக் கேட்குமா?"

"கேட்காது!"

"அப்புறம் என்ன யோசனை? இப்பவே மூட்டை கட்டுங்க!"

விடங்கர் அவளையே பார்த்தார். துள்ளி எழுந்தார். மேல்துண்டை மறந்துவிட்டுச் செயலி எழுதும் பொறியாளர்களிடம் ஓடினார்.

புதிய செயலி வந்தது. ஒரே வாரம்தான். மஞ்சாடி நாட்டில் அதை டவுன்லோடு செய்யாத ஆளில்லை. குன்றிமணி நாட்டிலும் அதுவே முதலிடம். போன் இல்லாதவர்கள் போன் வாங்கினார்கள்.

மன்னர் பூரித்துப்போய்ச் சபையிலேயே மக்களின் கருத்துகளை வாசித்தார். "'தினமும் அரசர் முகத்தில்தான் விழிக்கிறேன். ஐந்து நட்சத்திரம்!' ஆஹா! 'மீசையைத் தொட்டதும் மனசுக்கு நிம்மதி.' அடடா! 'என் மாமியாருக்கும் இப்படி ஒரு செயலி வருமா?' பார்த்தீர்களா, குடும்பத்தோடு ரசிக்கிறார்கள்!"

பிரமராயருக்குப் பொறுக்கவில்லை. "அரசே, அந்தச் செயலி என்ன செய்கிறது என்று கேளுங்கள். விடியற்காலையில் உங்கள் படத்தின் மீசையைத் தொட்டால், அந்தத் தெரு ஒலிபெருக்கி நின்றுவிடும்! மாடத்தில் நீங்கள் பாடுகிறீர்கள். வெளியே ஒருத்தர் காதிலும் விழுவதில்லை. எல்லை ஒலிபெருக்கியை நிறுத்துவது யார் தெரியுமா? செங்குன்றரே! 'தோற்றாலும் பரவாயில்லை' என்று எழுதி, ஐந்து நட்சத்திரமும் போட்டிருக்கிறார்!"

மன்னரின் முகம் சிவந்தது. "விடங்கா!"

விடங்கர் ஓரடி முன்னால் வந்து கும்பிட்டார்.

"அரசே, நான் வைத்தது ஒரு பொத்தான். அதை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். செங்குன்றரும் போட்டிக்கு அதே போல இன்னொரு செயலி விட்டார். ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டினார், அவரே பாடினார். ஒருவர்கூட டவுன்லோடு செய்யவில்லை."

"ஏன்?"

"அவர் குரல் சுமார்தான். மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்துக்கொள்ள முடிந்தால் பொத்தான் எதற்கு? கைப்பேசித் தொழிலில் எல்லாவற்றையும் போட்டிக்காரன் காப்பியடித்துவிடுவான், அரசே. அவனால் காப்பியடிக்க முடியாதது ஒன்று வேண்டும். அது உங்கள் தொண்டையில் அல்லவா இருக்கிறது!"

மன்னரின் மீசை துடித்தது. கோபமா என்று சபை பார்த்தது. அடுத்த நொடி, "ஹோ ஹோ ஹோ!" என்று அரியணை ஆடச் சிரித்தார். பாட்டைவிட அந்தச் சிரிப்பு சுருதியாக இருந்தது.

"அது சரி, உன் போனில் அந்தச் செயலி இருக்கிறதா?"

"முதலில் டவுன்லோடு செய்தவனே நான்தான், அரசே. ராஜவிசுவாசம்!"

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி விடங்கர் கழுத்தில் போட்டார். தோளில் கை வைத்துக் காதோரம் குனிந்தார்.

"நாளை என் பிறந்தநாள் கச்சேரி. மைக் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, நேரிலேயே பாடப் போகிறேன். முதல் வரிசையில் நடு நாற்காலி உனக்கு. அங்கே எந்த மீசையைத் தொடுகிறாய், பார்க்கிறேன்!"