எண்பத்து நான்கு கைகள்

சண்டை ஓய்ந்து பதின்மூன்று வருடமான ஒரு நாட்டில், குளத்தடி ஊர் ஒன்றில் கொண்டக்டர் சாமி இருந்தார். முன்பு பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். அவருடைய சீடர் அம்பலவாணர் ஓய்வுபெற்ற வாத்தியார், சாமியைவிடப் பத்து வயது மூத்தவர். ஊர் இதைச் சொல்லிச் சிரிக்கும். வாத்தியார் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வாத்தியார் முகம் செத்துப்போய் சாமியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

சண்டைக்குப் பிறகு ஊரின் வயல் முழுவதும் இராணுவ முகாமின் வேலிக்குள் கிடந்தது. ஊர்ச் சபைத் தேர்தலைத் தள்ளிப்போட்டு மூன்று வருடம் ஆகியிருந்ததால் ஊருக்காகப் பேசவும் ஆளில்லை. போன வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு வந்து ஊர்ச் சனத்தைக் கூட்டினார். வயலை முகாமுக்கே எழுதிக் கொடுக்கச் சம்மதமா என்று தன் மொழியில் நீளமாகக் கேட்டார். கூட வந்த சிப்பாய் ஒருவர் அதைத் தமிழில் ஒரு வரியாக்கி, சம்மதமென்றால் கையைத் தூக்கச் சொன்னார். சனத்தின் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான். கூடியிருந்த நாற்பத்திரண்டு பேரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரி பொல்லாதவர் அல்ல, பசியோடிருந்தவர். 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். வருகிற வெள்ளிக்கிழமை மேலதிகாரி முன்னால் இன்னொரு தடவை கேட்பார்களாம். அதோடு வயல் போய்விடும்.

"மாட்டம் எண்டு சொல்ல இந்தச் சனத்துக்கு எப்பிடிப் படிப்பிக்கிறது, சாமி?" என்று வாத்தியார் கேட்டார். "எல்லாரும் பயந்த சனம்."

சாமி தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வாத்தியாரை ஒருநாளும் ஒருமையில் அழைக்காதவர், அன்று குரலை இறுக்கிக்கொண்டு சொன்னார்.

"கையைத் தூக்கு."

வாத்தியாரின் இரண்டு கையும் மேலே போய்விட்டன. சண்டைக் காலம் முழுக்க, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும், அந்தச் சொல்லுக்கு அவை அப்படித்தான் போயிருந்தன. தூக்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சாமி சிரிக்கவில்லை. அவருக்கும் கண் கலங்கியது. பழைய குரலில், மெல்லக் கேட்டார்.

"வாத்தியார், உங்கட வகுப்பில பிள்ளையள் எத்தினை கை தூக்கினவை?"

"ஒண்டு."

"எதுக்கு?"

"கேள்வி கேக்க."

"அப்ப ஒண்டை இறக்குங்கோ."

வாத்தியார் இடக்கையை இறக்கினார். வலக்கையும் கூடவே இறங்கி வந்துவிட்டது. மடியில் கிடந்த இரண்டையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெள்ளிக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு" என்றார் சாமி. "ஒரு கை, ஒரு கேள்வி. திரும்பத் தூக்குங்கோ."